விலகும் இடம்

ஒரு வண்டி மட்டுமே போகிற சாலை.
இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் கால் வைத்தால் இறங்குகிற சதுப்பு.
அங்கங்கே வெள்ளைப் பலகை:
விலகும் இடம்.

எங்கள் கேரவனுக்கு ஐம்பத்து மூன்று வயது.
எனக்கு ஒன்று கூட.
பால்நிற உடம்பு, இடுப்பில் பச்சைக் கோடு,
உள்ளே நாலு மெலமைன் கோப்பை,
சாத்தினாலும் சாத்தாத ஓர் அலமாரிக் கதவு.
அப்பாவின் படகை விற்ற பணத்தில் வாங்கினது.
விற்றவள் நான்.
ஊனாவைக் கேட்கவில்லை.

மூன்று நாளாய் என் பக்கத்து இருக்கையில்
வரைபடத்தோடு மட்டும் உறவு அவளுக்கு.
திருப்பம் வந்தால் விரலை நீட்டுவாள்.
ராத்திரி, சாப்பிட்ட மேசையே கட்டிலாகிற அந்த நாலடிக்குள்
முதுகுக்கு முதுகு, நடுவில் சுடுநீர்ப் பை.

நேற்றுக் கணவாய் இறக்கத்தில்
பக்கவாட்டுக் காற்று அறைந்து வால் ஆடியது.
கண்ணாடியில் பால்நிறம் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது.
ஆடும்போது பிரேக்கைத் தொடக்கூடாது.
காலை எடு, கையை நேராக வை, காத்திரு.
காத்திருந்தேன்.
ஊனா கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள்.
அப்போதும் வாய் திறக்கவில்லை.

இன்று மேட்டில் எதிரே வந்தது
ஆரஞ்சும் வெள்ளையுமாய் ஒரு பழைய வோக்ஸ்வேகன் வேன்,
மூக்கில் உதிரிச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு.
அதற்குப் பின்னால் இருபதடியில் விலகும் இடம்.
எனக்குப் பின்னால் இருநூறு கஜத்தில்.
நியாயம் என் கட்சி.
கண்ணாடியை இறக்கினேன்.

நெதர்லாந்துக்காரர். பெயர் ஷூர்ட். தாடியில் ரொட்டித் துகள்.
"மன்னிக்கணும். செவ்வாய்க்கிழமையிலிருந்து
இதுக்குப் பின்கியர் இல்லை.
தள்ளலாம்னா பின்னால் ஏற்றம்."
"அப்போ எப்படி நிறுத்துவீர்கள்?"
"முன்னாடியே வெளியேற முடிகிற இடமாய்ப் பார்த்து.
ரெண்டு கோட்டையைப் பார்க்காமலே வந்துவிட்டேன்."
சொன்னதில் கொஞ்சம் பெருமைகூட.

ஆக, நான்.
பின்னால் போகிற கேரவன் சொன்ன பேச்சைக் கேட்காது.
ஸ்டியரிங்கை வலமாய் ஒடித்தால் அது இடமாய்ப் போகும்.
கொஞ்சம் தாமதித்தால்
முழங்கை மாதிரி மடங்கிவிடும்.

கதவு திறந்தது.
ஊனா இறங்கி, மழைக்கோட்டுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு
பின்னால் போய் என்னைப் பார்க்க நின்று
காற்றுக்கு எதிராய்க் கத்தினாள்:
"இடம்!"

இடம் இருக்கிறது என்றா? இடப்பக்கம் என்றா?
இடப்பக்கமென்றால் யாருடைய இடம்?
எதிரும் புதிருமாய் நிற்கிற ரெண்டு பேருக்கு
ஒரே இடம் எப்படி?
"உன் இடமா, என் இடமா?"
"கேரவனோட இடம், முட்டாளே!"

முட்டாளே.
"இடம்" கணக்கில் சேராதென்றால்
மூன்று நாளில் இதுதான் முதல் சொல்.

அப்புறம் மடை திறந்துகொண்டது.
"ஒடி. இன்னும். போதும். போதும்னா போதும், இஷ்பெல்!
நில், செம்மறி. அது போகட்டும்.
யாரைக் கேட்டு விற்றாய்? வலம், வலம்."
"அடியில் ஓட்டை ஊனா, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது!"
"அதில் என் பெயர் எழுதியிருந்தது. மெதுவா."
"என் பெயரும்தான்!"
"உன் பெயர் எப்பவோ அழிந்துபோச்சு. நேராக்கு.
கல். கல்! கல்லு!"

டக்.

பின்விளக்கின் சிவப்பு புல்லில் மூன்று துண்டு.
இறங்கிப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.
அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

விலகும் இடத்தில் கோணலாய் நின்றோம்.
தையல் மிஷின் சத்தத்தோடு வேன் கடந்தது.
ஷூர்ட் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார்
இந்தப் பக்கத்து ஆள் மாதிரியே.
நானும் ஒரு விரல்.
ஊனா, நனைந்தபடி, முழுக் கையையும்.

ஏறி உட்கார்ந்தாள்.
வரைபடத்தை மடித்தபடியே மடியில் வைத்துக்கொண்டாள்.
"திரும்பத் தெரியாததாலதான்
அந்த ஆள் இவ்வளவு தூரம் வந்திருக்கான்" என்றாள்,
முன்கண்ணாடியிடம்.

சிரிக்கலாமா என்று தெரியாமல்
முதல் கியரைப் போட்டேன்.
பின்னால் அலமாரிக் கதவு
திறந்து, அடித்து, திறந்துகொண்டது.